கண்ணுக்குள் ஒரு கண்ணாடி

இருட்டில் டார்ச் அடித்தால் சிலந்தியின் கண் ஏன் மின்னுகிறது?

நாச்சாரம் என்றதும் ஹைதராபாத்காரர்களுக்குத் தொழிற்பேட்டையும் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். மழை ஓய்ந்த ஓர் இரவில் அங்கே புல் மண்டிய ஏதாவது ஒரு காலி மனைப் பக்கம் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்து, பத்தடி தள்ளி வெளிச்சம் அடிக்க வேண்டும். புல்லுக்குள் பச்சையும் நீலமும் கலந்த புள்ளிகள் சுடர்விடும். பனித்துளியாக இருந்தால் தலையை அசைத்ததும் மினுக்கம் மாறிவிடும். இதுவோ ஒரே நிறத்தில் நிலைத்து நிற்கும். கிட்டே போனால் ஓட்டம் பிடிக்கும். அதுதான் ஓநாய்ச் சிலந்தி. வலை கட்டிக் காத்திருக்காமல், தரையில் ஓடி இரை பிடிப்பது. குஞ்சுகளை முதுகில் சுமக்கும் தாயாக இருந்தால், ஒரே இடத்தில் பொடிப்பொடியாகப் பல ஒளிப்புள்ளிகள் தெரியும். குஞ்சுகளின் கண்களும் மின்னும்!

இரண்டாம் வாய்ப்பு

சிலந்தியின் கண் தானாக ஒளி உண்டாக்குவதில்லை. வெளிச்சம் வில்லையைக் கடந்து விழித்திரையில் விழுகிறது. அங்குள்ள உணர்செல்கள் அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கின்றன. மிச்சம் வீணாகாதபடி பின்னால் ஒரு பிரதிபலிப்புப் படலம் இருக்கிறது. டபீட்டம் என்பது அதன் பெயர். தப்பிய ஒளியை அது திருப்பி அனுப்ப, உணர்செல்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. அப்போதும் பிடிபடாத ஒளி, வந்த வழியே வில்லை வழியாக வெளியேறுகிறது. நாம் பார்க்கும் மினுக்கம் அதுதான். விளக்கு இருந்த திசைக்கே ஒளி திரும்புவதால்தான் டார்ச் நம் கண்ணருகே இருக்க வேண்டும்.

பூனைக்கும் மாட்டுக்கும் இரவில் கண் மின்னுவதும் இப்படித்தான். ஆனால் படலத்தின் சரக்கு வேறு. சிலந்திக்கு அது குவானின் படிகங்கள். நாச்சாரத்தை அடுத்த ஹப்சிகுடாவில் இருக்கும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் (சி.சி.எம்.பி.) ஆராயப்படும் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று இதே குவானின். சிலந்தி தன் உடல் கழிவாக வெளியேற்றுவதும் பெரும்பாலும் இதைத்தான். கழிவாகப் போகும் பொருளே கண்ணுக்குள் அடுக்கடுக்கான படிகமாகி, இருட்டில் இரை தேட உதவுகிறது.

எல்லாக் கண்ணும் மின்னாது

பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். முன்வரிசையின் நடுவே உள்ள இரண்டு முதன்மைக் கண்களில் இந்தப் படலம் கிடையாது. மற்ற ஆறில்தான் இருக்கும், அதுவும் எல்லா இனங்களுக்கும் அல்ல. ஓநாய்ச் சிலந்தியிடம் பளீரென்று தெரிபவை, சிறிய நான்கு கண்களுக்கு மேலே இருக்கும் நான்கு பெரிய கண்கள்.

பகலில் சுவரில் துள்ளித் துள்ளி ஈ பிடிக்கும் தாவும் சிலந்திக்குப் படலமே இல்லை. அதற்கு வெளிச்சம் தாராளம், வேண்டியது துல்லியம். திரும்பி வரும் ஒளி பக்கத்து உணர்செல்லிலும் பட்டால் காட்சி கலங்கும். ஆகவே இது ஒரு பேரம்: மங்கலான வெளிச்சத்திலும் பார்வை வேண்டுமென்றால், கூர்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஓநாய்ச் சிலந்தி அந்த இழப்பையும் குறைத்துக்கொள்கிறது. அதன் படலம் ஜன்னல் கம்பிகள் போலப் பட்டை பட்டையாக, உணர்செல் வரிசைகளுக்கு நேர் கீழே அமைந்திருக்கிறது. வலையைக் கால்களில் விரித்துப் பிடித்து இரைமேல் வீசும் டைனோபிஸ் சிலந்தி வேறு வழி கண்டது. கண்ணாடி இல்லாமலே, பெரிய வில்லைகளைக் கொண்டு ஒளியை வாரிக்கொள்கிறது. ஒளியுணரும் சவ்வை இரவுதோறும் புதிதாக வளர்த்து, விடிந்ததும் கலைத்துவிடுகிறது.

குத்தியின் நீலம்

டாரன்டுலா என்னும் சிலந்தி பெரிய உடல்காரன், கண்களோ பொடிசு. எட்டும் தலைப்பகுதியின் மேல் ஒரு சின்ன மேட்டில் நெருங்கிக் கிடக்கும். படலம் உண்டு, ஆனால் மினுக்கம் மங்கல். தரையின் அதிர்வையும் காற்றின் அசைவையும் உணரும் ரோமங்களைத்தான் அது அதிகம் நம்புகிறது.

தெலுங்கு மண்ணின் டாரன்டுலா ஒன்று ஒளியை உடம்பிலேயே விளையாட வைக்கிறது. அனந்தபூர் மாவட்டத்தில் குத்தி என்னும் ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த அதை, 1899இல் விலங்கியலாளர் ரெஜினால்ட் போகாக் உலகுக்கு அறிவித்தார். அடர்நீல உடல். அந்த நீலம் சாயம் அல்ல. ரோமங்களின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் பிறப்பது. அதன்பின் நூறாண்டுக்கு அது யார் பார்வைக்கும் வரவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் கண்டார்கள். குத்தியில் கிடைத்தது, ரயிலில் மரக்கட்டையோடு வந்திறங்கியதாக இருக்கலாம் என்பது கணிப்பு. 2008இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யு.சி.என்.) அதை மிக அருகிய இனமாக அறிவித்தது. 2019இல் அதன் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அழகுக்காக வாங்கி வளர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்க, அது பதுங்கி வாழும் மரப்பொந்துகள் விறகாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

நீலச் சிலந்திக்குப் பொந்துள்ள முதுமரங்கள் வேண்டும். அவற்றை வனத்துறையும் அரசும் காக்க வேண்டும். நாச்சாரத்து ஓநாய்ச் சிலந்திக்கு, பூச்சிமருந்து அடிக்காத ஒரு துண்டுப் புல்தரை போதும். அது நம்மைத் தேடி வந்து கடிப்பதில்லை. நம் தோட்டத்துப் பூச்சிகளைத் தின்றே பிழைக்கிறது. எட்டுக்கால் பூச்சியைக் கண்டதும் துடைப்பத்தைத் தூக்கும் பழக்கத்தை நம் தலைமுறையோடு விடுவோம். பிள்ளைகள் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். ஒளியியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஒரே பாடமாக வாசலிலேயே கிடைக்கும்.