ஓகா துறையில் ஒரு கண் பரிசோதனை

"ஊரெல்லாம் துவாரகாதீசனைச் சேவிக்க வருகிறது. காக்கா பார்க்க வருகிறவர் நீங்கள் ஒருத்தர்தான்" என்பாள் என் மனைவி. காக்கா அல்ல, கடற்காகம் என்று திருத்திச் சொல்லி அலுத்துவிட்டது.

ரயில்வேயில் இருந்தபோது வேலை நிமித்தம் அடிக்கடி ஓகா போவேன். தண்டவாளம் அங்கே முடிந்துவிடும், அப்புறம் கடல்தான். மாலையில் மீன் இறங்கும் துறையில் நின்று பார்த்துப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. ஓய்வு பெற்ற பின்னும் விடவில்லை. ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வருடா வருடம் பட்டியல் அனுப்பி வருகிறேன்.

நம் அன்பர்களில் பலர் பேட் துவாரகா போயிருப்பீர்கள். 2024ல் பாலம் திறக்கும்வரை படகுதான். படகைச் சுற்றிக் காட்டியாவுக்குச் சண்டை போடுபவை பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள். உருவில் சிறியவை, அவற்றில் சிக்கலில்லை. துறையில் ஒதுங்கி நிற்கும் பெரிய ஆசாமிகள்தான் நமக்குப் பரீட்சை வைப்பவை.

அவற்றிலும் பல்லாஸ் கடற்காகம் சுலபம். நம் கோடியக்கரைக்கும் வருவதுண்டு. மஞ்சள் அலகின் நுனியருகே கறுப்புப் பட்டை, குளிர்காலத்தில் கண்ணைச் சுற்றிக் கருமை. ஊர் திரும்பும் சமயம் தலை முழுக்கக் கறுத்துவிடும்.

மீதி மூன்றும் பங்காளிகள். ஹ்யூக்ளின் வட ரஷ்யாவின் பனிவெளியிலிருந்து வருவது, முதுகு சிலேட்டுப் பலகை மாதிரி அடர்ந்த சாம்பல். கஜகஸ்தான் பக்கத்து ஏரிகளிலிருந்து வரும் ஸ்டெப்பிக்கு அதைவிட ஒரு பிடி வெளுப்பு. காஸ்பியன் இன்னும் வெளுப்பு. நீண்டு மெலிந்த அலகு, சின்னத் தலை, சின்னக் கருவிழி. ஜனவரியிலும் ஹ்யூக்ளினுக்கு இறக்கையின் வெளிச்சிறகுகள் பாதி வளர்ந்தபடி இருக்கும், காஸ்பியனுக்குப் பெரும்பாலும் அந்த வேலை முடிந்திருக்கும். இதெல்லாம் வளர்ந்த பறவைக்கு. முழு நிறம் வர நாலு வருடம் ஆகும், அதுவரை எல்லாமே பழுப்புப் புள்ளி போட்ட குஞ்சுகள்தான். ஹ்யூக்ளினும் ஸ்டெப்பியும் தனி இனங்களா, ஒரே இனத்தின் கிளைகளா என்று விஞ்ஞானிகளே ஒத்துப்போகவில்லை. நான் எம்மாத்திரம்!

ஆனாலும் எனக்கு ஒரு கர்வம் உண்டு. சர்வீஸ் முழுக்க வண்ணப் புள்ளிகளுக்குள் எண் கண்டுபிடிக்கும் கண் பரிசோதனையில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. முதுகைப் பார்த்ததும் இனத்தைச் சொல்லிவிடுவேன்.

போன ஐப்பசியில் வலது கண்ணுக்குப் புரை அறுவை ஆயிற்று. ஜனவரியில் துறைக்குப் போய், ஒரு பறவையைப் பார்த்து "ஹ்யூக்ளின்" என்று எழுதப் போனேன். என்னவோ தோன்றி இடது கண்ணை மூடினேன். முதுகு சட்டென்று வெளுத்து நீலம் பாய்ந்தது. வலதை மூடினேன், மறுபடி கறுத்து மங்கியது. ஒரே பறவை, கண்ணுக்கு ஒரு இனம்! புரை மெல்ல மெல்ல வளர்ந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. உலகத்தையே மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளை எடுத்தேன். ஆறு வருடப் பட்டியலில் ஹ்யூக்ளின் எக்கச்சக்கம். அலகு, கண், சிறகு எதுவும் குறிக்காமல், முதுகை மட்டும் நம்பி எழுதியவை பாதிக்கு மேல். "அப்பா, யாருக்குத் தெரியப் போகிறது?" என்றாள் மகள். லைனில் அளவுகோல் பிசகு என்று தெரிந்தால், அதை வைத்து எடுத்த அளவு அத்தனையையும் அடித்துவிட்டு மறுபடி எடுப்போம். இங்கே மறுபடி எடுக்க வழியில்லை, பறவைகள் எப்போதோ பறந்துவிட்டன. ஒரு ராத்திரி தூக்கமில்லை. காலையில் கணக்கெடுப்பு அமைப்பாளருக்கு எழுதினேன்: இன்னின்ன தேதிப் பதிவுகளை ரத்து செய்து, 'பெரிய கடற்காகம், இனம் தெரியவில்லை' என்று மாற்றிக்கொள்ளவும்.

இப்போது பக்கத்தில் இன்னொரு பறவை நின்றால் ஒழிய முதுகு நிறத்தை எழுதுவதில்லை. வெயில் ஏறினால் நோட்டை மூடிவிடுகிறேன். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.