கிட் என்ற புரதமும் சென்னையில் தொடங்கிய வழக்கும்

திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே, திருப்பதி நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் கனகம்மாசத்திரம். வயிற்றுவலி, ரத்தசோகை, கறுத்த மலம் என்று அங்கே ஒருவர் சொன்னால், 'அல்சரா இருக்கும்' என்றுதான் பக்கத்து வீட்டார் சொல்வார்கள். எந்த ஊரிலும் அப்படித்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அரிதாகச் சிலருக்கு மட்டும், இரைப்பைச் சுவரிலோ சிறுகுடல் சுவரிலோ வளரும் 'ஜிஸ்ட்' கட்டியாக இருந்துவிடும். இது மென்திசுப் புற்றுநோய், அதாவது சர்கோமா வகை. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சர்கோமா சுமார் 1 சதவீதம்தான்.

ஜிஸ்ட் கட்டி, குடல் அசைவைச் சீராக நடத்தும் காஹால் செல்களோடு தொடர்புடையது. அந்தச் செல்களின் உறையில் 'கிட்' என்ற புரதம் பதிந்திருக்கிறது. செல்லுக்கு வெளியே ஒரு முனை, உள்ளே ஒரு முனை. வெளிமுனையில் வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால், இரண்டு கிட் புரதங்கள் ஜோடி சேரும். உள்முனைகள், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக்கொள்ளும். உடனே ராஸ், ஏகேடி போன்ற புரதங்கள் 'பெருகு, சாகாதே' என்ற உத்தரவைக் கைமாற்றிக் கைமாற்றி உட்கருவுக்குக் கொண்டுபோகும். வேலை முடிந்ததும் இது அடங்கிவிட வேண்டும். கிட் மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டால் அடங்காது. காலிங் பெல் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால், வாசலில் ஆளே இல்லாமல் மணி அடிக்குமே, அந்தக் கதைதான். ஜிஸ்ட் கட்டிகளில் இப்படி நடப்பதை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஜிஸ்ட் கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்றில் இந்தப் பிறழ்வு உண்டு. மிகச் சில குடும்பங்களைத் தவிர, இது பரம்பரையாக வருவதில்லை.

வழக்கமான கீமோ ஜிஸ்ட் கட்டியிடம் எடுபடவில்லை. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக உருவான இமாடினிப் மாத்திரை எடுபட்டது. கிட்டில் ஏடிபி அமரும் குழியை அது பிடித்துக்கொள்கிறது. 2000-இல் ஃபின்லாந்தில் ஒரு பெண்மணிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின.

ஆனால் விலை? நோவார்ட்டிஸ் கம்பெனி கிளீவெக் என்ற பெயரில் விற்ற இமாடினிப் மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைப் பத்தாயிரத்துக்குள் விற்றன. 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்த நோவார்ட்டிஸின் விண்ணப்பம், இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கானது. 2006-இல் அது நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்புக்கு ஒரு காரணமாக இருந்த சட்டப்பிரிவையே எதிர்த்து நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. ஏழை நோயாளிக்கு ஆய்வகக் கண்டுபிடிப்புக்குச் சமமான நாள் அது என்பேன்.

மாத்திரை கிட்டை அடக்கிவைக்கிறதே தவிர, பிறழ்வைத் திருத்துவதில்லை. பரவிய நோயில், உடம்பு தேறிவிட்டதென்று தானாக நிறுத்தியவர்களுக்குக் கட்டி திரும்ப வளர்வது வழக்கம். விடாமல் சாப்பிட்டாலும், பலருக்குச் சில ஆண்டுகளில் கிட்டில் புதிய பிறழ்வு தோன்றி மருந்து பிடிக்காமல் போகும். அப்போது சுனிடினிப் போன்ற அடுத்த மருந்துக்குப் போக வேண்டும். பிறழ்வு மரபணுவின் எந்தப் பகுதியில் (எக்ஸானில்) இருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்தின் அளவும் மாறும்; பயாப்சியோடு மரபணுப் பரிசோதனையையும் கேட்டு வாங்குவது அதனால்தான் முக்கியம். பிறழ்வு எக்ஸான் 11-இல் இருந்தால் தினம் 400 மில்லிகிராம் நன்றாக வேலை செய்யும். எக்ஸான் 9 என்றால், பரவிய நோயில் மருத்துவர் 800 வரை உயர்த்தலாம்.