பேரனின் பாலுக்கு எந்தத் தண்ணீர்?

என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தாய்ப்பால் போதவில்லை என்று, டாக்டர் சொன்னபடி புட்டிப் பாலும் சேர்த்துக் கொடுத்தோம். பவுடர் கரைக்க எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்தான். பளிங்கு மாதிரி இருக்கும். பருப்பு பஞ்சாக வேகும். அதையும் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் கரைப்பேன். இதற்கு மேல் என்ன சுத்தம் வேண்டும், சொல்லுங்கள்?

குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸம்மா கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். "எருக்குழி இவ்வளவு கிட்டத்துலயா இருக்கு? தண்ணியை டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களாம்மா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் கிணறு கெட்ட கதை எங்களுக்குப் புதிதில்லை. இந்த வட்டாரத்தில் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப் போயிருந்ததாக, 1996-ல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் கிணறு கெட ஒரு தொழிற்சாலை வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் ஏது தொழிற்சாலை?

துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து அளந்தேன். பக்கத்து வீட்டுச் செப்டிக் டாங்க் 30 அடி. எங்கள் எருக்குழி 18 அடி! குறைந்தது 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டுமாம். தூரம் மட்டும் போதாது, சரிவையும் பார்க்கணும். நிலத்தடி நீர் பெரும்பாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் நகரும். எங்கள் எருக்குழி மேட்டில், கிணறு பள்ளத்தில். களிமண்ணில் கழிவு மெதுவாக இறங்கும். மணலிலும் வெடிப்பு விட்ட பாறையிலும் மடமடவென்று இறங்கிவிடும். எங்களுக்கு வாய்த்தது பாறை. பக்கத்து வீட்டாரோடு சண்டை போடலாம் என்றுதான் கயிற்றை எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குற்றவாளி நானே.

குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்குத் தண்ணீர் கொடுத்தனுப்பினோம். நைட்ரேட் என்ற உப்பு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் இருக்கணும். எங்கள் கிணற்றில் இரண்டு மடங்கு. சாணம், மாட்டு மூத்திரம், மனிதக் கழிவு, வயலுக்குப் போடும் உரம் எல்லாவற்றிலிருந்தும் வருவது. நிறமில்லை, வாசனையில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தையின் வயிற்றில் இது நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க விடாமல் செய்யும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். தண்ணீர் சுண்டச் சுண்ட நைட்ரேட்டின் அளவு கூடத்தான் செய்யும். நான் பத்து நிமிஷம் கொதிக்க வைத்தேனே!

நல்லவேளை, பேரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றே அந்தத் தண்ணீரை நிறுத்தினோம்.

"நாலு தலைமுறையா குடிச்ச தண்ணிதானே?" என்று அத்தை முணுமுணுத்தார். அந்த நாலு தலைமுறையும் எரு கொல்லைக் கோடியில் கிடந்தது, அத்தை. சாணிக்கூடை சுமக்க அலுத்துப் போய், எட்டு வருஷத்துக்கு முன் குழியைக் கிட்டே வெட்டச் சொன்னது உங்கள் மருமகள்!

குழியைத் தூர்த்துப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டோம். குடிக்கப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். அதையும் சோதித்த பிறகுதான் பாலுக்கு எடுத்தேன். கிணற்றுத் தண்ணீர் துணி துவைக்க மட்டும். மழைக்கு முன் ஒரு தரம், மழை விட்டபின் ஒரு தரம் பாட்டிலில் கொடுத்தனுப்புகிறேன். பேரனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. கிணறு இன்னும் 45-க்கு இறங்கவில்லை.