உழைத்துக்கொண்டே படிக்கலாமா?



உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். மூன்று பாடத்திலும் சித்தி உண்டு; இசட் புள்ளியோ மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. "இனி வேலைக்கு அனுப்புவதா, படிக்க வைப்பதா?" என்று வாப்பாமார் கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். இக்கல்லூரியின் பழைய மாணவியான நான், அக்குறணையிலிருந்து கண்டி நகருக்கு வந்து ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிலுநராக (இன்டர்ன்) வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டம் படிக்கிறேன்.

இது புதிய வழியல்ல. 1906 இல் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், பொறியியல் மாணவர்கள் 27 பேரை மாறி மாறி வகுப்பறைக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பிப் பார்த்தார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 இல் இதே முறையிலேயே தொடங்கியது.

எந்தப் படிப்பு?

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம் (பி.ஐ.டி.) 2000 ஆம் ஆண்டு ஆரம்பமானது. கணிதப் பிரிவில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனியார் நிலையத்திலோ வீட்டிலிருந்தோ படித்து, பல்கலைக்கழகம் நடத்தும் பரீட்சைக்குத் தோற்றலாம். முதலாம் ஆண்டு முடிவில் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டு முடிவில் உயர் டிப்ளோமா, மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டம். இடையில் திருமணமோ வேறு காரணமோ குறுக்கிட்டாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். நமக்கு அருகிலேயே, பொல்கொல்லையில், திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும் உண்டு.

பயிலுநர் என்ன செய்கிறார்?

முதல் மாதங்களில் பெரும்பாலும் பிறர் எழுதிய நிரலைப் படிப்பதும், மென்பொருளைச் சோதிப்பதும், சிறு பிழைகளைத் திருத்துவதும்தான். ஒருமுறை, ஒரு கடையின் விற்பனை அறிக்கையில் மொத்தத் தொகை இருமடங்காக வருவது ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள். இரண்டு பொருள்கள் உள்ள ஒவ்வொரு பற்றுச்சீட்டும் இரண்டு தடவை கூட்டப்பட்டிருந்தது. தரவுத்தளப் பாடத்தில் அட்டவணைகளை இணைப்பது பற்றிப் படித்த அத்தியாயம் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. வேலை படிப்புக்குத் தரும் உதவி இப்படிப்பட்டது.

நேரக் கணக்கு

காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை அலுவலகம். கட்டுகஸ்தோட்டையின் வாகன நெரிசலைத் தாண்டி வீடு சேரும்போது மஃரிபுக்கு நேரமாகிவிடும். அந்தக் களைப்பில் பாடம் மண்டையில் ஏறாது. ஆகவே சுபஹுக்குப் பின் ஒன்றரை மணிநேரம் படிக்கிறேன். ஐந்து நாளுக்கு ஏழரை மணிநேரம். சனிக்கிழமை நான்கு, ஞாயிற்றுக்கிழமை இரண்டரை. வாரத்துக்குப் பதினான்கு மணிநேரம் கிடைக்கிறது. இரவில் பாடம் இல்லை, தூக்கம் மட்டுமே.

எங்கே ஆபத்து?

சம்பளத்தில்தான். என்னோடு சேர்ந்த ஒரு தோழி நல்ல கெட்டிக்காரி. வேலை கூடிய ஒரு மாதத்தில், "அடுத்த முறை எழுதலாம்" என்று பரீட்சையைத் தள்ளிவைத்தாள். அடுத்த முறையும் அப்படியே போயிற்று. இன்று அவளோடு தொடங்கியவர்கள் பட்டத்தை நெருங்குகிறார்கள். அவள் முதலாம் ஆண்டிலேயே நிற்கிறாள். வேலை இருக்கிறது. ஆனால் பதவி உயர்வுக்குப் பட்டம் கேட்கிறார்கள்.

எனவே வேலையில் சேருமுன்பே நான்கு விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பயிற்சி எத்தனை மாதம், கொடுப்பனவு எவ்வளவு, பரீட்சை நாள்களில் விடுமுறை உண்டா, பயிற்சி முடிந்தபின் நிரந்தர வேலைக்கு வாய்ப்பு உண்டா. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம் என்பதையும் அறிந்திருங்கள். ஊழியராகும்போது சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும் செல்ல வேண்டும். நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதத்தைத் தொழில்தருநரே செலுத்த வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மகள் வேலை செய்யும் இடத்தை ஒருமுறை நேரில் சென்று பாருங்கள், மனம் நிம்மதியடையும். பரீட்சைக்கு முந்திய மூன்று வாரங்களில் விருந்து, கல்யாண வீடு, சமையல் வேலைகளிலிருந்து அவளை விடுவியுங்கள். முதற் சம்பளத்தில் பரீட்சைக் கட்டணத்தைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

தங்கைகளே, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் தினமும் சில பக்கங்கள் ஆங்கிலம் வாசியுங்கள். பைதன் போன்ற ஒரு நிரலாக்க மொழியைத் தொடங்குங்கள். சிறியதொரு மென்பொருளையேனும் நீங்களே செய்து காட்டினால், நேர்முகப் பரீட்சையில் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.