ஊர் வாயும் பொதுமக்கள் கருத்தும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊர் வாயில் உலவுவதெல்லாம் பொதுமக்கள் கருத்து ஆகிவிடுமா? ஆகாது என்பதே என் துணிபு. வரலாற்றுச் செய்தி ஒன்றைக் கொண்டு இதனை விளக்க விழைகின்றேன்.

இலண்டன் மாநகரில் முதல் காப்பிக்கடை 1652ஆம் ஆண்டில் தோன்றியது. ஒரு பென்னி கொடுத்தால் போதும். வணிகனும் பிரபுவும் ஒரே மேசையில் அமர்ந்து நாட்டு நடப்பை விவாதிக்கலாம். இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு இது பொறுக்கவில்லை. அங்கே அரசைப் பற்றிப் பொய்யுரை பரவுகிறது என்று கூறி, 1676 சனவரி 10 முதல் அக்கடைகளை மூடுமாறு 1675 டிசம்பரில் ஆணையிட்டார். எதிர்ப்பு எழுந்தது. குறித்த நாள் வருமுன்னரே ஆணை திரும்பப் பெறப்பட்டது!

ஜெர்மானிய அறிஞர் ஹாபர்மாஸ் 1962இல் வெளியிட்ட நூலில் இத்தகைய இடங்களைச் சிறப்பாக ஆராய்ந்தார். வீட்டுக்கும் அரசுக்கும் இடையே, குடிமக்கள் கூடிப் பொதுக் காரியங்களை ஆராயும் களம் ஒன்று உண்டு. அதனைப் பொதுக்களம் எனலாம். அங்கே பேசுவோனின் பதவிக்கு மதிப்பில்லை. அவன் காட்டும் காரணத்திற்கே மதிப்பு. அவ்வாறு உரசித் தேர்ந்த கருத்தே பொதுமக்கள் கருத்து. ஆயிரம் பேரைத் தனித்தனியே கேட்டு எண்ணினால் கிடைப்பது வெறுங்கூட்டுத் தொகை.

பரந்த உலகத்தைப் பற்றி மக்கள் தம் மனத்தில் தீட்டிய சித்திரங்களையே நம்புகின்றனர் என்று அமெரிக்க எழுத்தாளர் லிப்மன் 1922இல் ஐயுற்றார். விவாதத்தையும் கலந்துரையாடலையும் செம்மைப்படுத்துவதே அதற்கு மருந்து என்று 1927இல் டூயி விடையிறுத்தார். நான் டூயியின் பக்கமே நிற்கின்றேன்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. அந்தக் காப்பிக்கடை விவாதங்களில் பெண்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஒதுக்கப்பட்டோர் தமக்கெனத் தனிக்களங்களை அமைத்துக் கொண்டனர் என்று நான்சி பிரேசர் 1990இல் எடுத்துக்காட்டினார். பொதுக்களத்தின் வாயில் எவ்வளவு அகலம் என்பதும் குடியாட்சிக்கு ஓர் அளவுகோல் அன்றோ?

நம் நாட்டிலும் இப்போராட்டம் நிகழ்ந்தது. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாதென 1950இல் சென்னை இராச்சிய அரசு தடுத்தது. பேச்சுரிமை என்பது கருத்தைப் பரப்பும் உரிமையையும் உள்ளடக்கியது என்று கூறி, உச்சநீதிமன்றம் அவ்வாண்டே தடையை நீக்கியது. மறு ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம், பொது ஒழுங்கின் பொருட்டுப் பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்று வகை செய்தது.

ஆதலின் சட்டம் ஒன்றே காவல் ஆகாது, பழக்கமும் வேண்டும். மாற்றுக் கருத்தினன் எழுந்து பேசும்போது கூச்சலிட்டு அமரச் செய்துவிட்டுப் பிறகு கை தூக்கச் சொன்னால், தீர்மானம் நிறைவேறும், கருத்து உருவாகாது. மன்றங்கள் தோறும் கூடும் மாணவராகிய நாம், எதிர்வாதத்தை இறுதிவரை கேட்ட பின்னரே கைகளை எண்ணும் வழக்கத்தை நம் கூட்டங்களிலேயே தொடங்கலாம்.