பகிர்ந்து பயன்படுத்தும் கணினி: சிக்கிய குறுந்தகடும் தொலைவிலிருந்து இயக்குதலும்

சிறு வணிக நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஆகியவற்றில் ஒரே மேசைக் கணினியை மூவரோ நால்வரோ பகிர்ந்து பயன்படுத்துவது வழக்கம். கணக்கெழுதுதல், வரித் தாக்கல், இணைய வங்கிச் சேவை அனைத்தும் அதிலேயே நடைபெறுகின்றன. இத்தகைய கணினியில் இரு இடர்ப்பாடுகள் அடிக்கடி எழுகின்றன. ஒன்று, பழைய கணக்குகள் அடங்கிய குறுந்தகடு வெளியே வராமல் சிக்கிக்கொள்வது. மற்றொன்று, வெளியிடத்தில் இருப்பவருக்கு ஒரு கோப்பு தேவைப்படும் நேரத்தில் அலுவலகக் கணினி அணைந்திருப்பது. இரண்டுமே நாமே சரிசெய்துகொள்ளக் கூடியவை. ஆனால் அவசரத்தில் தேடும் உதவி, கணினிக் கோளாற்றைப் பண இழப்பாக மாற்றிவிடலாம்.

குறுந்தகடு சிக்கினால்

முதலில், ஏதேனும் ஒரு மென்பொருள் அந்தக் குறுந்தகட்டைப் படித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறு படிக்கும்போது தட்டு திறவாமல் பூட்டப்படுவதுண்டு. பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில், முன்னவர் மூடாமல் விட்டுச்சென்ற கோப்பே பெரும்பாலும் காரணமாக இருக்கும். திறந்துள்ளவற்றைச் சேமித்து மூடியபின், குறுந்தகட்டு இயக்கியின் படக்குறி மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, 'எஜெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பயனில்லையெனில் கணினியை மறுதொடக்கம் செய்து, திரை ஒளிர்ந்தவுடன் இயக்கியின் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம்.

அதன்பின்னும் தட்டு வெளிவராவிட்டால், இயக்கியின் முகப்பில் உள்ள சிறு துளையே வழி. கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும். ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, அத்துளையில் நேராக நுழைத்து, தடை தட்டுப்படும் இடத்தில் மெல்ல அழுத்தினால் தட்டு சற்றே வெளிவரும். எஞ்சியதை விரலால் இழுத்துக்கொள்ளலாம். மின்சாரம் ஓடும்போது இதைச் செய்தல் கூடாது. உள்ளே குறுந்தகடு நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழன்றுகொண்டிருக்கக்கூடும். கத்தி, திருப்புளி கொண்டு தட்டை நெம்புவதும் தவறு.

விரிசல் கண்ட தகடு, ஒட்டுத்தாள் உரியும் தகடு ஆகியவற்றை மீண்டும் இயக்கியில் இடலாகாது. விரிசல் கண்ட தகடு சுழற்சியில் சிதறிவிடலாம். பலரும் அறியாத செய்தி ஒன்று: சிடியில் தரவு அடங்கிய மென்படலம், பெயர் எழுதும் மேற்பரப்பிற்கு மிக அருகில் உள்ளது. ஆகவே, அடிப்பக்கத்தைக் காட்டிலும் மேற்பக்கக் கீறலே அதிகத் தீங்கு விளைவிக்கும். நல்ல நிலையில் மீண்ட தகட்டின் கோப்புகளை அன்றே கணினியிலும் ஒரு வெளி வன்தட்டிலும் படியெடுத்து வைப்பது நன்று.

தொலைவிலிருந்து கணினியை எழுப்புதல்

அணைந்த கணினியை வலையமைப்பின் வழியே எழுப்பும் வசதிக்கு 'வேக் ஆன் லேன்' என்று பெயர். இதற்குப் பயன்படும் 'மேஜிக் பேக்கெட்' என்னும் செய்தியின் அமைப்பை ஏஎம்டி நிறுவனம் 1995-இல் வெளியிட்டது. ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் 'மேக்' எனப்படும் தனி முகவரி உண்டு. அம்முகவரியை 16 முறை தாங்கிய இச்சிறு செய்தி வந்தடைந்ததும், விழிப்பு நிலையில் இருக்கும் அட்டை கணினியை இயக்குகிறது.

இது பயன்பட வேண்டுமெனில் சில ஏற்பாடுகள் தேவை. பயாஸ் அமைப்பிலும் வலையமைப்பு அட்டையின் அமைப்பிலும் இவ்வசதியை இயங்கச் செய்ய வேண்டும். கம்பியில்லா இணைப்பைவிட லேன் கம்பி இணைப்பே நம்பத்தக்கது. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' தடையாக இருக்குமாயின் அதை நீக்கிவிட வேண்டும். மாலையில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் செல்லும் நம் வழக்கமும் இதற்கு இடையூறே. அட்டைக்கு மின்சாரம் இல்லாவிடில் செய்தியைப் பெறுவதற்கு எவருமில்லை. கணினி அணைந்த பின்னரும் லேன் கம்பி செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் நிலைமை புலப்படும்.

இச்செய்தி பொதுவாக அலுவலக வலையமைப்பிற்குள் மட்டுமே செல்லும். வெளியூரிலிருந்து எழுப்ப விரும்புவோர், தமக்கு நன்கு அறிமுகமான தொழில்நுட்பரைக் கொண்டு ரவுட்டரில் விபிஎன் வசதியை அமைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதற்காக ரவுட்டரின் கதவை இணையத்திற்குத் திறந்துவைத்தல் ஆகாது.

எழுப்புவது வேறு, ஒப்படைப்பது வேறு

இவ்வசதி கணினியை எழுப்புமே தவிர, கடவுச்சொல்லைக் கடந்து உள்ளே செல்லாது. தொலைவிலிருந்து திரையையே ஆளும் செயலிகளோ முற்றிலும் வேறு. குறுந்தகடு சிக்கிய பதற்றத்தில் இணையத்தில் 'உதவி எண்' தேடி, எதிர்முனையில் பேசும் அறிமுகமற்றவர் சொற்படி அத்தகைய செயலியை நிறுவி, அதன் குறியீட்டையும் சொல்லிவிட்டால், கணினி அவர் கைக்குப் போய்விடுகிறது. அதே கணினியில் இணைய வங்கிச் சேவை திறந்திருந்தால் கணக்கும் அவர் கண்முன் இருக்கும். இத்தகைய செயலிகளின் வழியே நடைபெறும் மோசடி குறித்து 2019-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்துள்ளது.

ஆகவே, பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் அமைத்துக்கொள்க. வங்கிக் கடவுச்சொல்லை உலாவியில் சேமித்து வைக்க வேண்டாம். பணி முடிந்ததும் முறையாக வெளியேறுக. கணினியின் பராமரிப்புப் பொறுப்பை ஒருவரிடம் அளித்து, நம்பகமான தொழில்நுட்பரின் எண்ணை மேசையருகே எழுதி வைக்கலாம். அயலார் எவரேனும் கணினிக்குள் புகுந்துவிட்டதாக ஐயம் எழுந்தால், உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றி, தங்கள் கிளைக்குத் தெரிவியுங்கள். பணம் பறிபோயிருப்பின், தேசிய இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அக்கணமே அழைக்க வேண்டும். புகார் எவ்வளவு விரைவாகச் சேர்கிறதோ, பணத்தை இடைவழியில் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.