பட்டியல் முதலில், காய் பிறகு: கல்லூரிக் கூடைப்பந்து ஆள்சேர்ப்பு எப்படி இயங்குகிறது?

வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் கல்யாண மண்டபங்களில் ஏதாவது ஒன்றின் சமையற்கட்டுக்குள், முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் காலையில் எட்டிப் பாருங்கள். காய்கறி இன்னும் வந்து இறங்கியிருக்காது. ஆனால் தலைமைச் சமையல்காரர் கையில் ஒரு தாள் இருக்கும்: எத்தனை பந்தி, எத்தனை இலை, என்னென்ன ஐட்டம். அந்தத் தாளோடுதான் கோயம்பேட்டுக்கு ஆள் கிளம்புவார். பட்டியலில் அவியல் இல்லையென்றால், அன்றைக்குச் சந்தையில் எவ்வளவு அருமையான சேனைக்கிழங்கு குவிந்திருந்தாலும் அவர் அதைத் தொடமாட்டார்.

சின்ன ஊர்களிலிருந்து சென்னைக் கல்லூரிகள் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை எடுப்பதும் இப்படித்தான். "நல்லா ஆடுனா எடுத்துக்குவாங்க" என்று ஊரில் நம்புகிறார்கள். பாதிதான் சரி. ஓர் அணியில் பன்னிரண்டு பேர், களத்தில் ஐந்து பேர். இந்த வருடம் கடைசி ஆண்டு முடித்துப் போகிறவர்கள் யார், அவர்கள் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று பயிற்சியாளர் முதலில் ஒரு தாளில் எழுதுகிறார். வளையத்தடியில் நிற்கிற இரண்டு உயரமான பையன்கள் போகிறார்கள் என்றால் அவருக்கு வேண்டியது உயரம். பந்தைக் கொண்டுசெல்லும் கார்டு அவரிடம் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கலாம். அந்த வருடம் தேனியிலிருந்து எவ்வளவு கெட்டிக்காரக் கார்டு வந்தாலும் "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி" என்பார். பையன் ஊருக்குத் திரும்பி, தன் ஆட்டத்தில்தான் குறை என்று நினைத்துக்கொள்வான்.

சந்தை எங்கே கூடுகிறது? குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பள்ளிப் போட்டிகளில், முதலமைச்சர் கோப்பையில், தமிழ்நாடு கூடைப்பந்துக் கழகம் வயதுவாரியாக நடத்தும் மாநிலப் போட்டிகளில். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கின்றன. ஏழாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். பிறகு மே மாதம். பெரியகுளத்திலும் கரூரிலும் அகில இந்தியப் போட்டிகள் மின்னொளியில் நடக்கும். வங்கி அணிகளையும் படை அணிகளையும் பார்க்க ஊரே வந்து உட்காரும். பெரிய அணிகள் ஆடுவது களத்தில். கல்லூரிக்கான பேச்சு நடப்பது அதற்கு வெளியே, டீக்கடைப் பக்கம்.

ஆனாலும் முதல் தகவல் பெரும்பாலும் ஒரு போன் அழைப்பில்தான் போகிறது. "சார், ஒரு பையன் இருக்கான், பத்தாவதுலயே ஆறடி தாண்டிட்டான்" என்று பி.டி. வாத்தியார் கல்லூரியில் இருக்கும் தன் பழைய நண்பரிடம் சொல்வார். வாத்தியார்களின் இந்த வலைக்கு நூறு வயது. ஜேம்ஸ் நைஸ்மித் 1891-இல் கூடைப்பந்தை உருவாக்கியது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அங்கே படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் ஊர் ஊராகப் பள்ளி வாத்தியார்களாகப் போனார்கள். எந்தக் கைபேசிச் செயலியும் இன்னும் இவர்கள் இடத்தைப் பிடிக்கவில்லை.

இனி, பொறுக்குவது. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்ப்பவர் அதன் நிறத்தைப் பார்ப்பதில்லை. பயிற்சியாளரும் பையன் எத்தனை புள்ளி எடுத்தான் என்று அதிகம் கேட்பதில்லை. எதிரணி எப்படிப்பட்டது என்று தெரியாதபோது அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பாதத்தின் அளவு, கை நீளம், மணிக்கட்டு, அப்பா அம்மாவின் உயரம் இவற்றைப் பார்க்கிறார். போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே போனதும் பையன் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறானா, தற்காப்புக்குத் திரும்பி ஓடுகிறானா என்று பார்க்கிறார். சிமென்ட் தரையில் பழகியவன் மரத்தளத்தில் எப்படிக் கால் ஊன்றுகிறான் என்பதும் ஒரு கணக்கு. உயரம் மட்டும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. மற்றதையெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங்கை லூதியானா அகாடமிக்கும், அங்கிருந்து 2010-இல் பதினான்கு வயதில் ஃப்ளோரிடாவுக்கும் கொண்டுபோனது அந்த உயரம்தான். 2015-இல் டல்லாஸ் மாவரிக்ஸ் அவரை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது, என்.பி.ஏ. தேர்வில் பெயர் வந்த முதல் இந்தியர் அவர்.

பிடித்துவிட்டால் அட்வான்ஸ். இங்கே அதற்கு 'ஃப்ரீ சீட்' என்று பெயர். கல்விக் கட்டணம் இல்லை என்பது எல்லோருக்கும் புரிகிறது. விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், ஷூ, வெளியூர்ப் பயணம் எல்லாம் அந்த ஃப்ரீயில் அடங்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பெரும்பாலும் எல்லாமே வாய்ப்பேச்சு.

அரசுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. அது வேறு வாசல். அங்கே சான்றிதழ்தான் பேசும்: சர்வதேசம், தேசியம், மாநிலம் என்று தரம் பார்த்து மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். உங்கள் ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்த வழியில் சேர்ந்த கல்லூரி உங்களை அணியில் சேர்க்கும் கட்டாயமும் இல்லை. இந்த இரண்டு வாசலையும் ஒன்றென்று நினைத்து அலையும் பெற்றோர் ஏராளம்.

சமையற்கட்டிலேயே கவனிக்க வேண்டிய இடம் அடுத்துதான் வருகிறது. கல்லூரி ஆட்டத்திலிருந்து வேலைக்குப் போகிற வழியில், பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் ஆடிய சான்றிதழ் முக்கியமான சீட்டு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளே அதை ஒரு தகுதியாக ஏற்கின்றன. அந்தச் சான்றிதழ் கிடைப்பது பல்கலைக்கழக அணியில் இருப்பவர்களுக்குத்தான். இப்போது மேற்குச் சென்னையைப் பாருங்கள். ஆவடி வேல் டெக், தண்டலம் சவீதா, மதுரவாயல் எம்.ஜி.ஆர். போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்; தங்கள் அணியைத் தாங்களே அனுப்பலாம். அங்கே நிறுவன அணிதான் பல்கலைக்கழக அணி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் சேர்ந்தால் கதை வேறு. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பிள்ளைகளோடு மோதித்தான் அந்தப் பன்னிரண்டில் ஒருவராக வர முடியும். கட்டடம் ஒன்றுபோலத் தெரியும், மெஸ் சாம்பாரும் ஒன்றுபோல இருக்கும். சான்றிதழுக்கான தூரம் மட்டும் ஒன்றில்லை. சேர்க்கைப் பருவத்தில் இதை யாரும் விளக்கிச் சொல்வதாகத் தெரியவில்லை.

சேர்ந்த பிறகு ஊறவைக்கும் காலம். இரவே ஊறாத கொண்டைக்கடலையை எந்தத் தீயும் காலையில் வேகவைக்காது. முதலாண்டில் பெஞ்ச்சில் உட்காருவது அவமானமில்லை என்று பையனுக்குச் சொல்ல அருகில் ஆள் வேண்டும். புது இடத்தில் ஒட்டாமல் போவது லாரி பேர்டு போன்ற அமெரிக்க நட்சத்திரத்துக்கே நடந்தது. இண்டியானாவின் ஃப்ரெஞ்ச் லிக் என்ற குட்டி ஊரிலிருந்து 1974-இல் பிரம்மாண்டமான இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், ஒரு மாதம்கூடத் தாங்காமல் ஊர் திரும்பி நகராட்சி வேலையில் சேர்ந்து குப்பை வண்டியில் போனார். மறு வருடம் அதைவிடச் சிறிய இண்டியானா ஸ்டேட்டில் சேர்ந்தார். 1979-இல் அந்த அணியைத் தேசிய இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். சரக்கில் பழுதில்லை, அடுப்புதான் அவருக்கு ஒத்துவரவில்லை.

பொறுமையில்லாத சமையல்காரர்கள் அரிந்த காயை வாங்குவார்கள். அமெரிக்காவில் 2018-இல் வந்த, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களுக்கான பதிவேடு, ஏற்கெனவே வேறு கல்லூரியில் ஆடிப் பதப்பட்டவர்களை எளிதாகக் கைக்குக் கொண்டுவந்துவிட்டது. பள்ளி முடிக்கும் சின்ன ஊர்ப் பையனுக்கான இடம் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. நம் ஊரிலும் இதன் வடிவம் உண்டு. பல்கலைக்கழகப் போட்டிக்கு இருபத்தைந்து வயதுவரை ஆடலாம் என்பதால், இளங்கலை முடித்தவர்களை முதுகலையில் சேர்த்து இன்னும் இரண்டு வருடம் ஆடவைக்கிறார்கள். பதினேழு வயதுப் பையன் போட்டியிடுவது தன் வயதுக்காரனோடு மட்டுமில்லை. தாடி வைத்த அண்ணன் ஒருவர் அதே இடத்துக்கு உட்கார்ந்திருப்பார்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பட்டியல் அதேதான், பேச்சு வேறு. வார்டன் யார், பயிற்சி முடிந்து விடுதிக்கு எப்படித் திரும்புவாள், பெண் பயிற்சியாளர் உண்டா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். சென்னைக்காரரான அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை ஏற்று, தெற்கு ரயில்வேயில் பணியாற்றி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆட்டத்தால் வேலை கிடைக்கும் என்பதற்கு உறவினர்களிடம் காட்ட அந்த ஒரு பெயர் போதும். ஆண்களுக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். என்று நகரத்திலேயே அணிகள் உண்டு.

சேனைக்கிழங்கு சமையல்காரரைப் பார்த்து எதையும் கேட்காது. பையனுக்கு வாய் இருக்கிறது. ஆனால் சின்ன ஊர் மரியாதை அதைக் கட்டிப்போடுகிறது. "சார், நான் எந்த இடத்துக்கு? அந்த இடத்துக்கு இந்த வருஷம் இன்னும் யாரைக் கூப்பிட்டிருக்கீங்க? போன வருஷம் முதலாண்டுப் பசங்க எத்தனை பேர் யுனிவர்சிட்டி டீமில் போனாங்க?" இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் பயிற்சியாளரும் உண்டு. நல்லவர் தாளை எடுத்துக் காட்டுவார், ஏனென்றால் அவரிடம் தாள் இருக்கும். முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு வருடம் ஆட முடியாமல் போனால் விடுதிக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் அப்போதே பேசி, கல்லூரி முத்திரையுடன் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த விஷயத்தைப் பையன் கேட்கமாட்டான், கூட வந்த அப்பாதான் கேட்க வேண்டும்.